பழைய தாளும் ஒரு பிடி மாவும்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "இவ்வாண்டு குடிலை எதனால் செய்வது?" என்பதே. இக்கேள்விக்கு அண்மைக் காலத்தில் நம்மில் பலர் கண்டுகொண்ட எளிய விடை, கடைக்குச் சென்று தெர்மாகோல் அட்டைகளை வாங்கி வருவது. வெண்மையாக இருக்கிறது, கத்தியால் எளிதில் அறுபடுகிறது, ஒரே மாலையில் குடில் எழுந்துவிடுகிறது. ஆனால் மூவரசர் திருநாள் கழிந்ததும் அது எங்கே போகிறது? குப்பைமேட்டுக்கும், அங்கிருந்து காற்றில் பறந்து ஏரிக்கும் வாய்க்காலுக்கும். அது மக்குவதில்லை. கொளுத்தினாலோ, மூச்சை முட்டும் கரும்புகை எழுகிறது. 2019 சனவரி முதல் நாள் தொடங்கித் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களின் தடையில் தெர்மாகோல் குவளைகளும் இடம்பெற்றிருப்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அதே வீட்டின் பரண்மேல் ஓராண்டு நாளிதழ்கள் கட்டிக்கிடக்கின்றன. அடுக்களையில் ஒரு பிடி மாவு இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து, பத்தாண்டு நிற்கும் குடிலையும் சுரூபங்களையும் செய்யலாம். அதற்கு வேண்டுவது நல்ல பசை ஒன்றே. பசை மிகச் சிறிய பொருள்தான். ஆயினும், செய்த பொருள் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்பதும், பத்தே நாளில் பூசணம் பூத்து உதிர்வதும் அதனைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே இம்மாதம் நம் குடும்பங்களுக்காகப் பசை காய்ச்சும் முறையையும், அதனுள் அடங்கிய நுட்பத்தையும், அதில் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தையும் சற்று விரிவாகவே எழுத விழைகிறோம்.

கல்லும் சாந்தும்

செஞ்சிக்கு வருவோர் அனைவரும் கல்லையே அண்ணாந்து பார்க்கின்றனர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து நிற்கும் மதிலைக் கண்டு வியக்கின்றனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த சேசு சபைத் தந்தை நிக்கோலாஸ் பிமெண்டா, தாம் கண்ட இந்நகரின் பெருமையை வியந்து எழுதி வைத்தார். 2025 சூலையில், மராட்டியரின் இராணுவ நிலத்தோற்றங்கள் என்னும் பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு கோட்டைகளுள், தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே.

ஆனால் கல்யாண மகாலின் சுவரருகே நின்று பார்ப்போர் மற்றொன்றையும் காணலாம். அங்கே கண்ணுக்கு முதலில் படுவது கல்லன்று, சுண்ணாம்புப் பூச்சு. நம் பழைய கொத்தர்கள் சுண்ணாம்பை வெறும் நீரில் குழைத்துவிடவில்லை. கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்துச் சாந்தாக்கும் வழக்கம் நம் நாட்டுக் கட்டடக் கலையில் நெடுங்காலமாக இருந்து வந்தது. பொருள்களைச் சேர்த்துப் பிடிக்கும் பொருளுக்கே பெருங்கவனம் தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கோட்டைக்குள் இன்றும் நிற்கும் பெரிய களஞ்சியங்கள் மற்றோர் உண்மையையும் நமக்கு நினைவூட்டுகின்றன. இது நெல் விளையும் பூமி. நெல் இருக்கும் இடத்தில் கஞ்சியும் உண்டு; கஞ்சி இருக்கும் இடத்தில் பசைக்குப் பஞ்சமில்லை.

நம் பாட்டிமார் இதைப் பள்ளியில் கற்கவில்லை. மூங்கில் முறம் வாங்கி வந்ததும் அதை அப்படியே பயன்படுத்தமாட்டார்கள். பழைய தாளையும் வெந்தயத்தையும் ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் இட்டு மைபோல் அரைத்து, முறத்தின் கண்களில் தேய்த்து மெழுகி வெயிலில் உலர்த்துவார்கள். அதன்பின் அம்முறத்தில் மாவைப் புடைத்தாலும் ஒரு துளி கீழே சிந்தாது. அதே விழுதைக் கவிழ்த்த பானையின்மேல் அப்பி, உலர்ந்தபின் கழற்றிக் கூடையாக்கும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. பிரெஞ்சு மொழியில் 'மென்ற தாள்' எனப் பொருள்படும் பெயரால் உலகம் அழைக்கும் காகிதக்கூழ்க் கலை, நம் வீடுகளில் பெயரில்லாமலேயே வாழ்ந்திருக்கிறது.

அண்டை ஊர்க் கைத்திறன்

இக்கலையைத் தொழிலாகக் கொண்டவர்களும் நமக்கு அயலார் அல்லர். செஞ்சிக்குத் தென்கிழக்கே, புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த திருக்கனூர், காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்றது. அவ்வூரின் இக்கைவினைக்கு மைய அரசின் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது. பண்ணுருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் நவராத்திரிக் கொலுவுக்காகக் காகிதக்கூழ்ப் பொம்மைகள் செய்யப்படுகின்றன. விழுப்புரத்தை அடுத்த அய்யூர் அகரத்தில், காகிதக்கூழும் கிழங்கு மாவும் கொண்டு விநாயகர் உருவங்கள் உருவாகின்றன. தஞ்சையின் தலையாட்டிப் பொம்மைகளிலும் காகிதக்கூழுக்கு இடமுண்டு.

கொலுப் பொம்மைகளைச் செய்யும் கைகளே மார்கழிக்கென்று சூசையப்பரையும் மாதாவையும் இடையரையும் ஆட்டுக்குட்டிகளையும் செய்கின்றன. நவராத்திரிக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் ஒரே அடுப்பில் பசை காய்ச்சப்படுகிறது. இது நம் தமிழ் மண்ணின் தனியழகு எனலாம்.

திருச்சபையில் ஏழைப் பொருளின் இடம்

"தாளால் செய்ததைக் கோயிலில் வைக்கலாமா? மரமோ பளிங்கோ அல்லவா மரியாதை?" என்று ஐயுறுவோர் நம்மிடையே இருக்கலாம். அவர்களுக்கு இரு நாடுகளின் செய்தியைக் கூற விரும்புகிறோம்.

இத்தாலியின் தென்கோடியில் லெச்சே என்னும் நகர் இருக்கிறது. அங்கே பளிங்கு அரிது. மரமும் விலை மிகுந்தது. ஆகவே அவ்வூரார் வைக்கோலால் உடல் கட்டி, பசையில் தோய்த்த தாளைப் படலம் படலமாகப் போர்த்தி, புனிதர்களின் சுரூபங்களைச் செய்தனர். முடிதிருத்துவோர் தம் ஓய்வு நேரங்களில் செய்ததிலிருந்தே இக்கலை செழித்தது என்று அவ்வூர் மரபு கூறும். அந்நகரின் சாந்தா கியாரா ஆலயத்தின் விதானமே காகிதக்கூழால் ஆனது. அண்ணாந்து பார்ப்போர் அதனைச் செதுக்கிய மரம் என்றே எண்ணுவர்.

மற்றொன்று மெக்சிக்கோ நாட்டில் நிகழ்ந்தது. 1540ஆம் ஆண்டளவில், மிச்சொவக்கான் மறைமாவட்டத்தின் முதல் ஆயரான வாஸ்கோ தெ கிரோகா, அந்நாட்டுப் பழங்குடிக் கைவினைஞர்களைக் கொண்டு அன்னை மரியாளின் சுரூபம் ஒன்றைச் செய்வித்தார். அது மக்காச்சோளத் தட்டையின் சோற்றை அரைத்து, காட்டு மலர்ச்செடி ஒன்றின் கிழங்குப் பசையால் குழைத்து உருவாக்கப்பட்டது. பாட்ஸ்குவாரோ நகரில் இன்றும் வணங்கப்பெறும் அந்த அன்னைக்கு அம்மக்கள் இட்ட பெயர், ஆரோக்கிய அன்னை. நம் வேளாங்கண்ணித் தாயின் அதே திருப்பெயர்! மண்ணில் விளைந்த எளிய பொருளும், அதைப் பற்றிப்பிடிக்கும் நல்ல பசையும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன. இம்முறையில் செய்த சுரூபங்கள் எடை குறைந்தவை. ஆகையால் பவனியில் தூக்கிச் செல்வதும் எளிது.

மாவு ஏன் ஒட்டுகிறது?

சுவரொட்டியை மாடு கிழித்துத் தின்பதை நாம் தெருவில் பார்க்கிறோம். அது தேடுவது தாளின் பின்னுள்ள மாவை. ஆனால் தாளும் மாவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பதைப் பலரும் அறியார். தாளின் நாரும், அரிசியிலும் கோதுமையிலும் கிழங்கிலும் உள்ள மாப்பொருளும், சருக்கரையின் ஒரே அடிப்படை அலகு சங்கிலியாகக் கோக்கப்பட்டு உருவானவையே. கோக்கப்பட்ட விதம் மட்டுமே வேறு. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று நாடிப் பற்றிக்கொள்கின்றன.

ஆனால் பச்சை மாவில் அந்தச் சங்கிலிகள் சிறு சிறு மணிகளாக இறுகச் சுருண்டு கிடக்கும். குளிர்ந்த நீரில் அவை கரைவதில்லை, அடியில் படிந்துவிடும். நீரோடு சேர்த்துச் சூடேற்றும்போது, மாவின் வகைக்கேற்ப ஏறத்தாழ 60 முதல் 75 பாகை வெப்பத்தில், மணிகள் நீரைக் குடித்துப் பருத்து உடைகின்றன. பால்போல் வெளுத்திருந்த கலவை, கண்ணாடிபோல் தெளிந்து கெட்டியாகிறது. அந்த நொடியில்தான் மாவு பசையாகிறது. பச்சை மாவை நீரில் கரைத்துத் தடவினால் போதும் என்று எண்ணிப் பிள்ளைகள் செய்யும் கைவேலை, உலர்ந்தவுடன் படலம் படலமாக உரிவதற்குக் காரணம் இதுவே. மாவு வேகவில்லை, வேகாத மாவு பற்றாது.

பசை காய்ச்சும் முறை

இனிச் செய்முறைக்கு வருவோம்.

மைதாப் பசை: ஒரு தம்ளர் மைதாவைச் சலித்துக்கொள்ளவும். ஒரு தம்ளர் குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, கட்டி விழாமல் தோசைமாவுபோல் கரைக்கவும். வேறொரு பாத்திரத்தில் நான்கு தம்ளர் நீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பைத் தணித்து, கரைத்த மாவை மெல்லிய தாரையாக ஊற்றியவாறே மரக்கரண்டியால் இடைவிடாது கிளறவும். நான்கைந்து நிமிடங்களில் கலவை பளபளத்துக் கரண்டியின் முதுகில் படியும். இறக்கி, ஈரத்துணியால் மூடி ஆறவிடவும். மூடாவிட்டால் மேலே ஆடை படர்ந்து, அதுவே பின்னர் கட்டியாகும். கட்டி விழுந்துவிட்டால் வருந்த வேண்டியதில்லை. பழைய சல்லடையில் தேய்த்து வடித்துக்கொள்ளலாம்.

அரிசிமாவுப் பசை: அளவும் முறையும் மேற்கூறியவையே. ஆனால் அரிசி மாவு வேகச் சற்று அதிகச் சூடும் நேரமும் வேண்டும். மெல்லிய தாள்களை ஒட்ட இது மிகச் சிறந்தது. சோறு வடித்த கஞ்சி, தாளைத் தாளோடு ஒட்டுவதற்குப் போதும். கூழைப் பிடித்து நிறுத்தும் வலிமை அதற்கு இல்லை.

கிழங்குமாவுப் பசை: மரவள்ளிக் கிழங்கின் மாவு, தெளிந்த, இழுவை மிகுந்த பசையைத் தரும். தொழிலாகச் செய்வோர் பலர் இதையே விரும்புகின்றனர். மாவு கிடைக்காவிடில், சேலத்துச் சவ்வரிசியைச் சில மணி நேரம் ஊறவைத்து, மணிகள் முற்றும் தெளியும்வரை காய்ச்சி மசித்தாலும் அதே பசைதான்.

புளியங்கொட்டைப் பசை: பணச்செலவே இல்லாதது, ஆனால் உழைப்பு மிகுந்தது. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஓர் இரவு ஊறவைத்து, மைய அரைத்து, ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு நீர் சேர்த்துச் சிறு தீயில் கிளறிக் காய்ச்சவேண்டும். தஞ்சாவூர் ஓவியத்திற்குப் பலகைமேல் துணி ஒட்டுவதும், ஆந்திரத்தின் கொண்டபள்ளிப் பொம்மைகளுக்கு மரத்தூளைக் குழைப்பதும் இப்பசையால்தான். புளி உரித்தபின் கொட்டையை எறிந்துவிடும் வீடுகள் இதனைக் கவனிப்பது நலம்.

எப்பசையாயினும் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுக. நம் வெப்பத்தில் அது இரண்டு நாளுக்குமேல் நில்லாது. புளித்த வாடை வந்த பசையை மறுமுறை சூடாக்கிப் பயன்படுத்துவது வீண். அதன் ஒட்டும் ஆற்றல் ஏற்கனவே போய்விட்டது.

கூழும் படலமும்

காகித வேலையில் இருவழிகள் உண்டு. ஒன்று படலம் ஒட்டுதல். மற்றொன்று கூழ் பிசைதல். தேர்ந்த கைவினைஞர் இரண்டையும் இணைத்தே செய்வர்: உள்ளே படலம், மேலே கூழ்.

படலம் ஒட்டுவதற்கு நாளிதழைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்கவேண்டும். கிழிந்த ஓரத்தில் நார்கள் நீண்டு நிற்கும். அவை அடுத்த துண்டோடு கலந்து, இணைப்புத் தெரியாமல் மறையும். வெட்டிய ஓரமோ படிபோல் புடைத்துத் தோன்றும். அச்சின்மேல் முதலில் வெறும் நீரில் நனைத்த தாளை ஒரு படலம் போர்த்துக. அப்போதுதான் முடிவில் அச்சிலிருந்து எளிதாகக் கழற்றலாம். பிறகு பசை தடவிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு முதல் எட்டுப் படலம் ஒட்டுக. ஒரு படலம் நாளிதழ், அடுத்தது பழுப்புத்தாள் என மாற்றி மாற்றி ஒட்டினால், எங்கே விடுபட்டது என்பது உடனே தெரியும். இரண்டு மூன்று படலங்களுக்கு ஒருமுறை உலரவிடவேண்டும்.

கூழுக்கு, நாளிதழைத் தபால்தலை அளவில் கிழித்து ஓர் இரவு நீரில் ஊறவைக்கவும். வழவழப்பான வண்ண ஏடுகள் வேண்டா. அவற்றின் பூச்சு, நாரைக் கரையவிடாது. மறுநாள் அரைமணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் உரலில் இட்டு இடித்தோ மத்தால் கடைந்தோ நாராக்கவும். துணியில் கட்டிப் பிழிக. ஆனால் உலரும் அளவிற்குப் பிழியவேண்டா. பிழிந்த கூழ் நான்கு தம்ளருக்குப் பசை ஒரு தம்ளர், சாக்குக்கட்டித் தூள் ஒரு தம்ளர் சேர்த்துப் பிசைக. கொழுக்கட்டை மாவின் பதமே சரியான பதம். கையில் ஒட்டினால் தூள் சேர்க்கவும். விரிசல் கண்டால் பசை சேர்க்கவும்.

சாக்குக்கட்டித் தூள் எதற்கு? கூழ் உலரும்போது நீர் வெளியேறி, பொருள் சுருங்கும். சுருங்கினால் வெடிக்கும். தூள் நார்களுக்கிடையே புகுந்து சுருக்கத்தைக் குறைக்கிறது, மேற்பரப்பையும் வழவழப்பாக்குகிறது. அவ்வாறாயினும், ஒரே தடவையில் அரைவிரற் கனத்திற்குமேல் அப்பலாகாது.

ஓர் எச்சரிக்கை. அச்சு மை படிந்த தாள் உணவோடு சேரத்தக்கதன்று. நாளிதழில் பண்டம் பொதிவதையே நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூடாதென்று அறிவுறுத்தியுள்ளது. ஆகவே கூழ் கொதிக்கவைக்கும் பாத்திரம், வடிக்கும் துணி, அரைக்கும் கருவி ஆகியவற்றைத் தனியே ஒதுக்கிவிடுக. மீண்டும் அவற்றைச் சமையலுக்கு எடுக்கவேண்டா.

நீலக் கல் வீட்டுக்குள் வேண்டா

இக்கட்டுரையின் முதன்மையான பகுதிக்கு வந்துள்ளோம். தாய்மார்கள் இதனைக் கருத்தூன்றிப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

மாவுப் பசைக்குப் பகைவர் பலர். பூசணம், கரப்பான், இராமபாணப் பூச்சி, கறையான், எலி ஆகிய அனைத்துக்கும் அது உணவு. இவற்றைத் தடுக்கத் தொழிலாகச் செய்வோர் நெடுங்காலமாகப் பசையில் மயில்துத்தம் கலந்து வந்துள்ளனர். சுவரொட்டிப் பசையிலும் அது சேர்ந்தது. முன்னர்க் கூறிய லெச்சே நகரத்தாரும் தம் மாவுப் பசையில் அதனையே கலந்தனர். அது பூசணத்தை அழிப்பது உண்மை. மனித உயிரையும் அழிக்கவல்லது என்பதும் அதே அளவு உண்மை. ஒரு சிறு கரண்டி அளவே வயதுவந்தவருக்கும் உயிராபத்து விளைவிக்கப் போதும். குழந்தைக்கு அதனினும் குறைவே போதும். குடலைப் புண்ணாக்கி, குருதியின் சிவப்பணுக்களைச் சிதைத்து, சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பழுதாக்கும் நஞ்சு அது.

அதைவிடக் கொடியது அதன் அழகு. கண்ணைப் பறிக்கும் நீல நிறம், கற்கண்டுபோன்ற பளபளப்பு. பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு அன்னை அடுப்பைக் கவனிக்கும் நேரத்தில், தவழும் குழந்தை அதனை மிட்டாய் என்று எண்ணாமல் வேறு என்னவென்று எண்ணும்? அடுக்களையில் காய்ச்சிய நீலப் பசையைக் கிண்ணத்தில் வைத்துப் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்துவதும் தகாது. பட்டறையில் பழகிய கைகள் பயன்படுத்துவது வேறு. நம் இல்லங்களில், குழந்தைகள் கைதோய்க்கும் வேலையில், மயில்துத்தத்திற்கு இடமே இருக்கலாகாது. தவறி விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் வீட்டு மருந்தென்று நேரம் கடத்தாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. பொட்டலத்தையும் உடன் எடுத்துச் செல்க.

அவ்வாறாயின் பூசணத்தைத் தடுப்பது எப்படி? உப்புச் சேர்க்கச் சொல்வோர் உண்டு. உப்புக் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் அது உதவியைவிட உபத்திரவமே தரும். பசை ஆறும்போது சில துளி கிராம்பு எண்ணெய் சேர்க்கலாம். ஒரு சிட்டிகை படிகாரத்தூளைக் கரைத்தும் சேர்க்கலாம். புத்தகம் கட்டுவோரின் பழைய வழக்கம் அது. ஊறிய வெந்தயத்தை அரைத்துச் சேர்த்தால் இழுவையும் கூடும். அதன் கசப்பு பூச்சிகளுக்கு ஆகாது என்பது நம் மூதாட்டியரின் நம்பிக்கை. ஆனால் இவையனைத்தும் துணைகளே. தலையாய காவல் ஒன்றுதான்: முற்ற முழுக்க உலர்த்துதல். ஈரம் இல்லாத இடத்தில் பூசணம் வாழாது.

வெயிலை வீணாக்காதீர்

இங்கேதான் நம் பகுதியின் பருவநிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். திருவருகைக் காலம் தொடங்கிய பிறகே குடில் வேலையைத் தொடங்குவது நம் வழக்கம். அதுவோ வடகிழக்குப் பருவமழையின் உச்சம். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டின் திருவருகைக் காலமோ டிசம்பர் முதல் நாளில், அம்மழைக்கு நடுவிலேயே தொடங்கியது. அத்தகைய வாரத்தில் பசை தோய்ந்த தாள் எங்கே உலரும்? அடுப்பருகே காட்டி மேலே மட்டும் உலர்த்தி, வண்ணம் பூசிவிடுவோம். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி அழுகும். திருக்காட்சி விழாவுக்குள் சூசையப்பரின் போர்வையில் கரும்புள்ளிகள் தோன்றிவிடும்.

எனவே நாம் கூறும் யோசனை இது. செப்டம்பர் 8ஆம் நாள் ஆரோக்கிய அன்னையின் திருவிழா முடிந்ததும் வேலையைத் தொடங்குக. புரட்டாசி வெயிலைப் பயன்படுத்திக்கொண்டு, ஐப்பசி அடைமழைக்கு முன் உலர்த்தும் வேலையை முடித்துவிடுக. கொலுப் பொம்மைக் கலைஞர்களும் வெயில் காலத்திலேயே உழைக்கின்றனர் என்பதை நினைவில் கொள்க. முதல்நாள் நிழலில் உலர்த்துக. உடனே கடும் வெயிலில் வைத்தால் மேற்பரப்பு மட்டும் இறுகி வெடிக்கும். பின்னர் வெயிலில், நாளுக்கு இருமுறை புரட்டி வைத்து உலர்த்துக.

உலர்ந்ததா என்பதை அறிய எளிய வழிகள் இரண்டு. பொருளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. விரலால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று மரம்போல் ஒலித்தால் உலர்ந்துவிட்டது. அதன்பின் உப்புத்தாளால் தேய்த்து, சாக்குக்கட்டித் தூளும் நீர்த்த பசையும் கலந்த வெள்ளைப் பூச்சை இருமுறை பூசி, வண்ணம் தீட்டி, இறுதியில் வார்னிஷ் தடவுக. விழா முடிந்ததும் உலர்ந்த துணியில் சுற்றி, வேப்பிலைச் சருகு இட்ட பெட்டியில் வைத்து, பரணின் உலர்ந்த மூலையில் காத்திடுக.

செஞ்சிப் பிள்ளைகளின் மலை

புனித அசிசி பிரான்சிசு 1223ஆம் ஆண்டில் கிரேச்சோ என்னும் மலையூரில், ஒரு பாறைக் குகையில் முதற்குடிலை அமைத்தபோது அங்கு விலையுயர்ந்த பொருள் ஏதும் இல்லை. வைக்கோலும் தீவனத் தொட்டியும் ஓர் எருதும் கழுதையுமே இருந்தன. மலை மட்டும் தானாகவே அங்கு இருந்தது.

செஞ்சிப் பிள்ளைகளுக்கும் அந்தப் பேறு உண்டு. குடிலுக்கு மலை எப்படி இருக்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. வாயிற்படியில் நின்றாலே, யாரோ கையால் அடுக்கி வைத்தாற்போல் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. பழுப்புத்தாளைக் கசக்கிப் பந்தாக்கி, நூலால் கட்டி, பசை தோய்த்த நாளிதழ்த் துண்டுகளைச் சுற்றிப் போர்த்தி, உலர்ந்தபின் சாம்பலும் காவியும் கலந்து பூசினால், அதுவே நம் ஊர்ப் பாறை. பத்துப் பாறைகளை அடுக்கினால் நம் ஊர்க் குன்று. அதன் அடிவாரத்தில் கூழால் பிசைந்த ஆட்டுக்குட்டியும், ஓர் இடையனும், திருக்குடும்பமும். குட்டி ஆட்டின் கால் சற்றுக் கோணலாக இருந்தாலென்ன? அது நம் மகன் செய்த ஆடு.

வேலையைப் பகிர்ந்து கொடுப்பதும் எளிது. தாள் கிழிக்க மூன்று வயதுக் குழந்தையும் போதும். கூழ் பிசையப் பள்ளிப் பிள்ளைகள் போட்டியிடுவார்கள். அடுப்பருகே பெரியவர் ஒருவர் இருந்தே பசை காய்ச்சவேண்டும். வெந்தயம் எவ்வளவு, பதம் எது என்று சொல்லப் பாட்டி இருக்கிறார். அவரது அறிவை நாம் கேட்டு நெடுநாள் ஆகியிருக்கும். உலர்த்திய பொருளை மழைக்கு முன் எடுத்து உள்ளே வைக்கும் பொறுப்பைத் தந்தை ஏற்கட்டும். ஒரு தாள் தனியே நின்றால் ஒரு துளி நீருக்கும் ஆற்றாது. எட்டுத் தாள்கள் நன்கு வெந்த பசையால் பிணைந்து, அவசரமின்றி உலர்ந்தால் பலகைபோல் நிற்கும். குடும்பத்திற்கும் இது பொருந்தும் என்பதை நாம் விளக்கிக் கூறவும் வேண்டுமோ?

வரும் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாலையை இதற்கென ஒதுக்குங்கள். பரணிலிருந்து பழைய நாளிதழ்க் கட்டை இறக்குங்கள். ஒரு தம்ளர் மாவு எடுங்கள். நீலக் கல்லைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். டிசம்பரில் மழை எவ்வளவு பெய்தாலும், உங்கள் வீட்டுக் குடில் உலர்ந்து உறுதியாய் நிற்கும்.